இரத்தத்தில் உலோகம், இதயத்தில் நோய்: 'ஹெவி மெட்டல் பேனல்' யாருக்கு, எதற்கு?

#1 | செல்வி_சாட்ஸ்வொர்த் (இழை நடத்துநர்)

வணக்கம். ஸ்டென்ட் வைத்தவர்களையும் பைபாஸ் முடித்தவர்களையும் மூன்று விஷயங்கள் விடாமல் துரத்துகின்றன. முதலாவது, இருபது முப்பது உலோகங்களை ஒரே தாளில் அச்சடித்துத் தரும் 'ஹெவி மெட்டல் பேனல்'. அடுத்தது, உடம்பிலிருக்கும் ஈயத்தை இழுத்து வெளியே தள்ளும் என்று நரம்பில் ஏற்றும் கீலேஷன் சொட்டு மருந்து. கடைசியாக, ராத்திரி முழுக்கச் செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீர்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்களிடம் சர்க்கரையும் மாரடைப்பும் எவ்வளவு அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் இந்த மூன்றுக்கும் இங்கே நல்ல கிராக்கி. எந்த உலோகத்துக்கு ஆதாரம் இருக்கிறது, இரத்தம் எப்படி எடுக்க வேண்டும், வந்த எண்ணை எப்படி வாசிக்க வேண்டும், வீட்டில் எதை மாற்ற வேண்டும்: இவற்றுக்குத் துறை தெரிந்தவர்கள் பதில் எழுதுங்கள். ஒரே விதி: எண் எழுதினால் அலகும் எழுத வேண்டும். சொந்தக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது.

#2 | நீலமூடி

ஆய்வுக்கூடப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். குழாய் தப்பானால் அதற்கப்புறம் நடக்கும் விவாதமெல்லாம் வீண்.

உலோகச் சோதனைக்குக் கருநீல மூடி போட்ட குழாய்தான் வேண்டும். அதிலும் இரண்டு வகை உண்டு. உள்ளே இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ தடவியது முழு இரத்தத்துக்கு. எதுவும் தடவாதது சீரத்துக்கு, அதாவது இரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீருக்கு. சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கசியும். அதில் எடுத்துவிட்டு 'உங்களுக்கு ஜிங்க் தாராளமாக இருக்கிறது' என்று சொன்னால், தாராளமாக இருப்பது மூடியில்தான்.

எதை எதில் அளப்பது என்பதிலும் குழப்பம். இரத்தத்திலுள்ள ஈயத்தில் சுமார் 99% சிவப்பணுக்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஈயத்துக்கு முழு இரத்தம். சீரத்தில் அளந்த ஈய அளவுக்கு மதிப்பில்லை. காட்மியம், மீன் வழியாக வரும் பாதரசம் இரண்டுக்கும் முழு இரத்தமே. செம்பு, துத்தநாகம், செலினியம் மூன்றுக்கும் சீரம் அல்லது பிளாஸ்மா. ஆர்செனிக்குக்குச் சிறுநீர். அது சில மணி நேரத்திலேயே இரத்தத்தை விட்டுப் போய்விடும். இரத்தத்தில் தேடினால் நேற்று என்ன நடந்தது என்பதுகூடத் தெரியாது.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை: கோபால்ட், குரோமியம், மாங்கனீஸ் கேட்டிருந்தால் எஃகு ஊசி வழியாக நேரே எடுக்காமல் பிளாஸ்டிக் கேனுலா போட்டு, முதல் 5 மில்லியை வேறு குழாயில் விட்டுவிட்டு, அதற்கடுத்து வருவதை அனுப்புங்கள். எஃகிலேயே குரோமியம் இருக்கிறது. துத்தநாகத்துக்குக் காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது நல்லது, சாப்பிட்டபின் அளவு இறங்கும். கைக்கட்டை அதிக நேரம் இறுக்கி வைக்காதீர்கள். சிவப்பணு உடைந்து சீரம் ரோஸ் நிறமானால் துத்தநாகம் பொய்யாக ஏறும். அந்த மாதிரியைத் திருப்பி அனுப்புவதே மரியாதை. விரல் நுனியில் குத்தி எடுத்த ஈயம் கூடுதலாக வந்தால், முழங்கை நரம்பில் மறுபடி எடுக்காமல் யாரையும் பயமுறுத்தக் கூடாது. தோலில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிவிடும்.

இன்னொன்றை எழுதாமல் விட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். எம்ஆர்ஐ ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிய கடோலினியம் என்ற உலோக மருந்து ஏற்றியிருந்தால் குறைந்தது 4 நாள் கழித்து வாருங்கள். இப்போது பெரும்பாலும் பயன்படும் ஐசிபி-எம்எஸ் கருவி அணுக்களை எடைப்படி பிரித்துப் பார்க்கிறது. எடை 156 உள்ள கடோலினியம் இரண்டு மின்னூட்டம் பெற்றால், கருவியின் கண்ணுக்கு எடை 78 ஆகத் தெரியும். அது செலினியத்தின் இடம். செலினியம் வானத்தைத் தொட்ட அறிக்கைகள் சில இப்படிப் பிறந்தவை. இதய எம்ஆர்ஐ எடுத்த கையோடு உலோகச் சோதனைக்கும் அனுப்புகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

முடியை வெட்டி அனுப்பும் சோதனையைப் பற்றி ஒரே வரி: ஷாம்பு, சாயம், தண்ணீர், தூசி எல்லாம் அதில் கலந்திருக்கும், அதை வைத்துச் சிகிச்சை முடிவு எடுக்காதீர்கள்.

#3 | டாக்டர்_வெருலம்

நீலமூடி எழுதியதை எல்லா டாக்டர்களும் ஒருமுறை படிக்க வேண்டும். நான் ஆதாரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இதயத்தைப் பொறுத்தவரை உலோகங்களை ஒரே கூடையில் போடக் கூடாது. சில உடம்புக்கு வேண்டவே வேண்டாதவை: ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம். சில இல்லாவிட்டால் வாழ முடியாது, கூடினாலும் ஆபத்து: இரும்பு, செம்பு, துத்தநாகம், செலினியம், கோபால்ட். முதல் கூட்டத்துக்கு 'குறைந்தால் நல்லது' என்ற ஒரே கணக்கு. இரண்டாவது கூட்டத்துக்கு இரு பக்கமும் பள்ளம்.

2018இல் பிஎம்ஜே இதழில் வந்த தொகுப்பாய்வு 37 ஆய்வுகளை, சுமார் 3,48,000 பேரை ஒன்றாக எடுத்துப் பார்த்தது. ஆர்செனிக், ஈயம், காட்மியம், செம்பு நான்கும் இதயநாள நோயோடு சேர்ந்து வந்தன. பாதரசம் வரவில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் ஈயம், காட்மியம், ஆர்செனிக் மூன்றையும் இதயநோய்க்கான ஆபத்துக் காரணிகளாக எடுத்துச் சொல்லி அறிக்கை வெளியிட்டது.

ஈயம்: அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை இரத்தம் கொடுத்த 14,289 பெரியவர்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். டெசிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 6.7 இருந்தவர்களுக்கு இதயநாள நோயால் சாகும் ஆபத்து சுமார் 1.7 மடங்கு. 6.7 என்பது ஒரு காலத்தில் 'நார்மல்' என்று முத்திரை குத்தி அனுப்பிய அளவு. ஈயம் சுண்ணாம்புச்சத்தின் வேடம் போட்டுக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது, நாளங்களைத் தளரவிடும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது.

இரத்தத்தில் ஈயத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 35 நாள். எலும்பில் 10 முதல் 30 ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006 தொடக்கத்தில்தான் முழுதாக நின்றது. அப்படியானால் இப்போது 60 வயதில் இருப்பவர்களின் எலும்பில் பழைய பெட்ரோல் இன்னும் இருக்கிறது. மாதவிடாய் நின்றபின், எலும்பு தேயும்போது, தைராய்டு அதிகமானபோது, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தால் அது மெல்ல இரத்தத்துக்குத் திரும்பும். புதிதாக எதுவும் தொடாதவருக்கும் எண் கொஞ்சம் ஏறுவது இதனால்தான்.

காட்மியம்: புகைதான் பெரிய வாசல். புகைப்பவரிடம் காட்மியம் அளப்பதைவிட சிகரெட் பெட்டியை வாங்கி வைப்பது பயன். சிறுநீரகத்தில் போய்ச் சேர்ந்தால் பத்துக்கணக்கான ஆண்டு அங்கேயே தங்கும்.

செம்பு: இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சீரத்துச் செம்பில் சுமார் 90% செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தோடு கட்டுண்டிருக்கிறது. உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் அந்தப் புரதம் ஏறும், செம்பும் கூடவே ஏறும். கருத்தடை மாத்திரை, கர்ப்பம் இரண்டிலும் அதே கதை. மாரடைப்பு வந்த முதல் நாட்களில் செம்பு ஏறும், துத்தநாகம் இறங்கும். 'செம்பு அதிகம், அதனால் மாரடைப்பு' என்று வாசிப்பது, புகையைப் பார்த்துவிட்டு அதுதான் தீ வைத்தது என்று சொல்வது போல. மாரடைப்போ அறுவைச் சிகிச்சையோ முடிந்து குறைந்தது 6 வாரம் போகட்டும். அழற்சியைக் காட்டும் சிஆர்பி சோதனையும் சேர்த்து எடுங்கள். சிஆர்பி உயர்ந்திருந்தால் செம்பு, துத்தநாகம் இரண்டையும் நம்பாதீர்கள்.

பாதரசத்தின் தொடர்பு ஏன் தெளிவாக வரவில்லை? அது பெரும்பாலும் மீனோடு வருகிறது, மீனோடு ஒமேகா-3, செலினியம் இரண்டும் வருகின்றன. கெட்டவன் நல்லவர்களோடு சேர்ந்து வீட்டுக்குள் வருகிறான்.

ஆகவே இதய நோயாளி எல்லோருக்கும் பேனல் என்பதை நான் ஏற்கவில்லை. நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான். ஹார்ட் ஃபெயிலியர் என்றால் உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும். வேலையிலோ வீட்டிலோ ஈயம் படும் வாய்ப்பு இருந்தால் முழு இரத்த ஈயம். இரண்டு பக்கமும் உலோகமாக இருக்கும் பழைய இடுப்பு மூட்டோடு காரணம் தெரியாத ஹார்ட் ஃபெயிலியர் வந்தால் கோபால்ட். வயிறு சுருக்கும் அறுவை செய்தவருக்கு இதயத்தசை பலவீனமானால் செலினியம். இரத்தசோகையும் கால் மரத்துப்போதலும் சேர்ந்து வந்தால் செம்பு.

#4 | இசிபிங்கோ_ராஜ்

டாக்டர், மரியாதையோடு ஒரு எதிர்க்கேள்வி. நடத்துநர் பட்டியலில் இருக்கும் கீலேஷனை ஒரே தட்டாகத் தட்டிவிட முடியாது. டாக்ட் என்ற ஆய்வு 2013இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. 1,708 பேர், எல்லோரும் மாரடைப்பு வந்தவர்கள், போலி மருந்தோடு ஒப்பிட்டது. மருந்து ஏற்றியவர்களில் 26% பேருக்கு அடுத்த பிரச்சினை, மற்றவர்களில் 30%. சர்க்கரை உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 25% எதிர் 38%. இது சின்ன வித்தியாசமா? மருந்து கம்பெனிக்கு லாபமில்லை என்பதால் மறைக்கிறார்கள் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை, ஆனால் எண் எண்தானே.

#5 | டாக்டர்_வெருலம்

எண் எண்தான் தம்பி, அடுத்த எண்ணையும் படிக்க வேண்டும்.

38 எதிர் 25 என்று வந்ததாலேயே, சர்க்கரையும் மாரடைப்பும் சேர்ந்த 1,000 பேரை வைத்து அதே 40 ஏற்றல்களை மறுபடி செய்தார்கள். டாக்ட்-2, ஜாமா, 2024. மருந்துப் பக்கம் 35.6%, போலிப் பக்கம் 35.7%. இதில் கவனிக்க வேண்டியது: மருந்து தன் வேலையைச் செய்தது. இரத்த ஈயம் லிட்டருக்கு 9 மைக்ரோகிராமிலிருந்து சுமார் 3.5க்கு இறங்கியது. ஈயம் இறங்கியும் மாரடைப்பு இறங்கவில்லை.

ஈயமே குற்றவாளி இல்லை என்று இதற்குப் பொருளல்ல. லிட்டருக்கு 9 என்பது ஏற்கெனவே குறைந்த அளவு. நாற்பது வருஷம் நாளச்சுவரில் நடந்த சேதத்தை கடைசி ஒரு வருஷத்துச் சொட்டு மருந்து திருப்பிவிடும் என்று எதிர்பார்ப்பதும் அதிகம். மேலும் முதல் ஆய்வில் சுமார் 17% பேர் சம்மதத்தைப் பாதியில் திரும்பப் பெற்றார்கள், அதில் போலி மருந்துப் பக்கம் அதிகம். முடிவும் மயிரிழையில்தான் தேறியது.

ஆபத்துக்கு வருவோம். கீலேஷன் மருந்துகளில் கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ ஒரு மருந்து. டைசோடியம் ஈடிடிஏ வேறு மருந்து. பெயரில் ஒரு சொல் வித்தியாசம், உடம்பில் உயிர் வித்தியாசம். கால்சியம் இல்லாதது இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச்சத்தையே பிடித்துக்கொண்டு போகும். வேகமாக ஏற்றினால் கால்சியம் சரிந்து இதயம் நிற்கும். 2003க்கும் 2005க்கும் நடுவே அமெரிக்காவில் இப்படி மூன்று பேர் இறந்தது பதிவாகியிருக்கிறது, அதில் குழந்தைகளும் உண்டு. டாக்ட் ஆய்வில் ஏற்றியது டைசோடியம்தான்: 500 மில்லி திரவத்தில் அதிகபட்சம் 3 கிராம், அதுவும் சிறுநீரகச் செயல்திறனுக்குத் தக்கபடி குறைத்து, குறைந்தது 3 மணி நேரம். 'லஞ்ச் டைமில் முடிச்சிடலாம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவருக்கு அரை லிட்டர் திரவமும் சோடியமும் வாரா வாரம் ஏற்றுவது தனிக் கணக்கு.

இன்னொரு தந்திரம். முதலில் கீலேஷன் மருந்து ஒரு டோஸ் கொடுத்து, பிறகு சிறுநீர் பிடித்து, அந்த எண்ணை மருந்து சாப்பிடாதவர்களின் அளவோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் காட்டுவார்கள். மருந்து கொடுத்தால் யாருக்கும் ஏறும், அதுதான் மருந்தின் வேலை. இந்தத் 'தூண்டல் சோதனை' எதையும் நிரூபிப்பதில்லை.

#6 | இசிபிங்கோ_ராஜ்

இரண்டாவது ஆய்வை நான் பார்க்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈயம் நிஜமாகவே ஏறிய ஆளுக்கு என்ன வழி?

#7 | டாக்டர்_வெருலம்

டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. ஈய நச்சு இந்த நாட்டில் அறிவித்தே ஆக வேண்டிய நோய், இரண்டாம் பிரிவு, 7 நாளுக்குள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் சரிசெய்யுங்கள். குடலில் இரும்பு நுழையும் அதே கதவு வழியாகத்தான் ஈயமும் காட்மியமும் நுழைகின்றன. இரும்பு குறைந்தால் கதவு அகலமாகத் திறக்கும். கீலேஷன் மருந்துக்கு இடம் உண்டு, ஆனால் அது நச்சியல் தெரிந்தவர் கையில், மிக உயர்ந்த அளவுகளுக்கு. குழந்தைகளில் டெசிலிட்டருக்கு 45 என்பது அந்தக் கோடு.

#8 | பாத்திரக்கடை

'எங்கிருந்து வருகிறது' என்று கேட்டால் அடுப்படிக்கே வந்துவிட வேண்டியதுதான். தமிழிலேயே ஒரு கண்ணி இருக்கிறது: ஈயம் என்ற ஒரே சொல். வெள்ளீயம் என்பது டின், காரீயம் என்பது நச்சு. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயமாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டு வந்த சொம்பு எல்லாம் அப்படி இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. காரீயம் மலிவு, கலந்தால் வார்ப்பதும் சுலபம்.

வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். காரீயம் பென்சில் மாதிரி கறுப்புக் கோடு போடும், வெள்ளீயம் அநேகமாகப் போடாது. ஆனால் கலப்பு கொஞ்சமாக இருந்தால் தாள் ஏமாற்றிவிடும். அதைவிட நல்லது எடை பார்ப்பது. சமையல் தராசில் சொம்பை நிறுத்துங்கள். பிறகு விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் நூல் கட்டி முழுக்க முக்குங்கள், உள்ளே காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. வழிந்த தண்ணீரைப் பிடித்து அளந்து, எடையை அதால் வகுத்தால் அடர்த்தி, மில்லிக்கு இத்தனை கிராம் என்று. சுத்த வெள்ளீயம் 7.3. காரீயம் 11.3. பத்தில் ஒரு பங்கு காரீயம் கலந்தாலே 7.56 வரும். 730 கிராம் சொம்பு 100 மில்லி தண்ணீரைத் தள்ளினால் சரி. 90 மில்லிதான் தள்ளியது என்றால் 8.1, அதில் ரசம் வைக்காதீர்கள். 7.5க்கு மேல் எது வந்தாலும் அலமாரியில் அழகுக்கு வையுங்கள். வீட்டுத் தராசில் கொஞ்சம் முன்னே பின்னே வரும், மூன்று தடவை அளந்து பாருங்கள்.

பித்தளை, செம்புப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசுகிறோமே, அது புளியும் தயிரும் செம்பைத் தின்னாமல் இருக்கத்தான். பூச்சு போன இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறும். அதில் புளிக்குழம்பு வைத்தால் வாந்தி, வயிற்றுப்பிடிப்பு. பூசுகிறவரிடம் என்ன கட்டி என்று கேளுங்கள். பழைய சோல்டர் கம்பியை உருக்கிப் பூசுகிறவர் இருக்கிறார், அதில் பாதிக்குப் பாதி காரீயம் இருக்கலாம். நவச்சாரம் தூவி, பாத்திரத்தைக் காயவைத்து, வெள்ளீயக் கட்டியைத் தேய்த்துப் பஞ்சால் பரப்புவதுதான் முறை.

செம்புத் தண்ணீரைப் பற்றி நடத்துநர் கேட்டார். வெறும் தண்ணீர், நன்றாக விளக்கிய செம்பு, ஒரு ராத்திரி: பெரிய ஆபத்தில்லை. எலுமிச்சை பிழிந்து ஊற்றி வைப்பதுதான் கூடாது. இதயத்துக்கு நல்லது என்று சொல்பவரிடம் மட்டும் எதற்கு என்று கேளுங்கள்.

#9 | மவுண்ட்எட்ஜ்கோம்

பாத்திரக்கடை அண்ணா, ஒரு கோயில் கமிட்டிக் கேள்வி. ஆடி மாதக் கஞ்சிப் பூசைக்குப் பெரிய அலுமினியப் பானைகள் வாங்குகிறார்கள். ரோட்டோரம் விற்கிற வார்ப்புப் பானைகள் பாதி விலை. மாரியம்மன் கஞ்சி புளித்த பாலோடு, சில இடத்தில் முந்தின ராத்திரியே காய்ச்சி ஊறவைப்பார்கள். பிரச்சினை உண்டா?

#10 | பாத்திரக்கடை

உண்டு. வாங்க வேண்டாம். மணல் அச்சில் ஊற்றும் அந்தப் பானைகள் பழைய கார் என்ஜின் பாகம், கம்ப்யூட்டர் பாகம், டின் எது கிடைத்தாலும் உருக்கிச் செய்தவை. தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றத்து ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பாத்திரங்களில் அமிலம் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பார்த்து, ஈயமும் அலுமினியமும் கசிவதைக் காட்டியிருக்கிறார்கள். புளிப்பு, சூடு, நேரம் மூன்றும் சேர்ந்தால் கசிவு கூடும். கஞ்சிப் பூசையில் மூன்றும் ஒன்றாக இருக்கிறது, அதுவும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வரிசையில் நிற்கும் இடம்.

அடையாளம்: சுவர் தடிமன் ஒரே சீராக இருக்காது, உள்ளே சொரசொரப்பாகப் புள்ளிப் புள்ளியாக இருக்கும், கம்பெனி முத்திரை இருக்காது. பட்ஜெட் இல்லாவிட்டால் எஃகுப் பானையை வாடகைக்கு எடுங்கள். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டால் அதைத் தண்ணீர் சுடவைக்கவும் விறகுச் சாம்பல் அள்ளவும் ஒதுக்கி, புளித்த பாலைப் பரிமாறும் நேரத்தில் எஃகு வாளியில் கலந்துகொள்ளுங்கள். கம்பி போட்டுப் பளபளப்பாகத் தேய்க்க வேண்டாம், மேலே படிந்த ஆக்சைடுத் தோல்தான் கொஞ்சமாவது காப்பாற்றுகிறது.

#11 | பற்பம்_செந்தூரம்

பாத்திரத்தில் சொல் குழப்பம் இருந்தால் மருந்துப் பெட்டியில் அது பத்து மடங்கு. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் அதே நாகம் ஈயம். 'நாக பற்பம்' என்ற டப்பியும் 'நாக பஸ்மம்' என்ற டப்பியும் அருகருகே இருந்தால், ஒன்றில் ஜிங்க், மற்றதில் ஈயம். சித்தத்தில் ஈயத்துக்குக் கருவங்கம், வெள்ளீயத்துக்கு வெள்வங்கம். வெறுமனே 'வங்கம்' என்று எழுதியிருந்தால் விற்பவரிடம் எது என்று கேட்டே ஆக வேண்டும். இரசம், ஜாதிலிங்கம் இரண்டும் பாதரசம். தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாடாணம் மூன்றும் ஆர்செனிக். அயம் இரும்பு, தாம்பிரம் செம்பு.

இந்த மருந்துகள் முறையாகப் புடம் போட்டால் நச்சு நீங்கும் என்பது எங்கள் மரபு. அதை இங்கே வாதிட வரவில்லை. ஆனால் கூரியரில் வரும் டப்பிக்குள் எத்தனை புடம் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாக 2004இல் ஜாமா எழுதியது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் உலோக மருந்தைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. மூலிகை மட்டும் உள்ள மருந்தானாலும் டாக்டரிடம் பெயரைச் சொல்லுங்கள். ஈயம் ஏறியவர் வந்தால் முதலில் டப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பாத்திரம் அடுத்தது.

குங்குமமும் அப்படியே. மஞ்சள், சுண்ணாம்பு, படிகாரம் சேர்த்து இடித்தது குங்குமம். ஆரஞ்சு சாயலில் கனமாக இருக்கும் சில பொடிகள் ஈயச் செந்தூரம். தோல் வழியாக அதிகம் ஏறாது. விரலில் ஒட்டி வாய்க்குப் போவதுதான் வழி. பிரசாதத் தட்டில் குங்குமத்தையும் சுண்டலையும் ஒரே கையால் கொடுக்கும் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றலாம்.

#12 | லெனேசியா_குமார்

இரும்பை யாரும் தொடவில்லை. தென்னாப்பிரிக்காவில் இதைப் பேசாமல் இழையை மூடக் கூடாது. இங்கே கிராமப்புறக் கறுப்பின மக்களிடையே உலோக டிரம்மில் காய்ச்சிய வீட்டு பீரால் உடம்பில் இரும்பு குவிந்து கல்லீரலும் இதயமும் கெட்ட நோயைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். புளித்த மாவின் அமிலம் டிரம்மின் இரும்பைக் கரைத்துவிடும். மேலே சொன்ன கஞ்சிப் பானையின் அதே வேதியியல்.

கோபால்டுக்கும் பீர்க் கதைதான். 1965-66இல் கனடாவின் கியூபெக் நகரில் நுரை நிற்க வேண்டும் என்று பீரில் கோபால்ட் சல்ஃபேட் சேர்த்தார்கள். நிறையக் குடித்த 48 பேருக்கு இதயத்தசை வீங்கித் தளர்ந்தது, 20 பேர் இறந்தார்கள். மதுவும் புரதக் குறைவும் இருந்த உடம்பில் கோபால்ட் கூடுதல் வெறியாட்டம் ஆடியது.

என் கேள்வி: நம்மவர்களில் ஃபெரிட்டின் லிட்டருக்கு 500, 600 மைக்ரோகிராம் என்று வந்தவுடன் 'ஹீமோகுரோமட்டோசிஸ்', அதாவது பரம்பரையாக இரும்பு குவியும் நோய் என்று பயந்து இரத்தம் எடுத்துக் கொட்டுகிறார்கள். சரியா?

#13 | டாக்டர்_வெருலம்

பெரும்பாலும் சரியில்லை. ஐரோப்பியர்களிடம் அந்த நோயைக் கொண்டுவரும் ஹெச்எஃப்இ மரபணு மாற்றம் தெற்காசியரிடம் அரிது. நம்மவர்களிடம் உயர்ந்த ஃபெரிட்டினுக்குக் காரணம் அநேகமாகக் கொழுப்புக் கல்லீரல், சர்க்கரை, தொப்பை, மது, அழற்சி. டிரான்ஸ்ஃபெரின் செறிவைப் பாருங்கள்: 45%க்குக் கீழே என்றால் இரும்புக் குவியலுக்கு வாய்ப்பு குறைவு. தலசீமியாவுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுபவர்கள் வேறு கணக்கு. அவர்களுக்கு இதய எம்ஆர்ஐயில், தசையில் சேர்ந்த இரும்பைக் காட்டும் டி2 ஸ்டார் அளவைப் பார்க்க வேண்டும்.

மறுபக்கம்தான் அதிகம் தவறவிடப்படுகிறது. ஹார்ட் ஃபெயிலியரில் ஃபெரிட்டின் 100க்குக் கீழே, அல்லது 100 முதல் 299க்குள் இருந்து செறிவு 20%க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் சரி. இவர்களுக்கு நரம்பு வழி இரும்பு மூச்சுத்திணறலைக் குறைக்கிறது. இரும்பு மாத்திரையை 16 வாரம் கொடுத்துப் பார்த்த அயர்ன்-அவுட் ஆய்வில் உழைப்புத்திறன் ஏறவில்லை. வீங்கிய குடல் மாத்திரை இரும்பைச் சரியாக உறிஞ்சுவதில்லை.

துத்தநாக மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. தினம் 50 மில்லிகிராம் மாதக்கணக்கில் சாப்பிட்டால் குடலில் செம்பு நுழையாது. இரத்தசோகை, வெள்ளணு குறைவு, கால் மரத்தல். பெரியவர்களுக்கு மேல் வரம்பு 40. செலினியமும் அப்படித்தான். சீனாவின் கேஷான் மாவட்டத்தில் 1935இல் அடையாளம் கண்ட இதயத்தசை நோய்க்குச் செலினியம் குறைந்த மண் முக்கியக் காரணம், அங்கே சோடியம் செலினைட் கொடுத்தபோது நோய் குறைந்தது. அளவு போதுமானவருக்குக் கூடுதலாகக் கொடுத்த ஆய்வுகளில் இதயத்துக்குப் பலன் வரவில்லை. பள்ளத்தை நிரப்பலாம், மேட்டில் மண் கொட்டி என்ன செய்ய?

#14 | செல்வி_சாட்ஸ்வொர்த்

சமையலுக்கு மூன்று குறிப்பு சேர்க்கிறேன், திருத்துபவர்கள் திருத்தலாம்.

அரிசி: நெல் தண்ணீரில் நின்று வளர்வதால் ஆர்செனிக்கை நன்றாக இழுக்கும். ஒரு பங்கு அரிசிக்கு 6 முதல் 10 பங்கு தண்ணீர் விட்டு வேகவைத்து வடித்தால் கனிம ஆர்செனிக் குறையும். புழுங்கலரிசியில் ஏறக்குறைய 60% வரை. இந்த நாட்டில் விற்பது பெரும்பாலும் புழுங்கல்தான். குக்கரில் தண்ணீர் வற்றும்படி வைத்தால் இந்தப் பயன் இல்லை. வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தால் வடித்ததற்கே அர்த்தமில்லை.

மீன்: ஜூன், ஜூலையில் கரைக்கு வரும் சார்டினும் டின்னில் வரும் பில்ச்சர்டும் பாதரசம் குறைந்தவை. வாள்மீன், சுறா, பெரிய சூரை மீனை வாரா வாரம் வேண்டாம்.

மஞ்சள்: நிறம் தூக்க ஈயக் குரோமேட் பூசும் மோசடியைப் பங்களாதேஷில் கண்டுபிடித்தார்கள். அங்கே பூசியது கிழங்கின் மேல்தான். ஆகவே 'முழுக் கிழங்கு வாங்கினால் பத்திரம்' என்பது பாதி உண்மை. கண்ணைப் பறிக்கும் ஒரே மஞ்சளாக இருக்கும் கிழங்கை ஒதுக்குங்கள், மற்றதைத் தோல் போகத் தேய்த்துக் கழுவி உலர்த்தி அரையுங்கள்.

#15 | டோங்காட்_பேத்தி

எல்லோருக்கும் நன்றி. ஒரு அறிக்கையை வாசித்துக் காட்ட முடியுமா? 62 வயது அம்மா, பைபாஸ் முடிந்து 3 வாரம். ஈயம் 14, செம்பு 1,700, துத்தநாகம் 580, இரத்த ஆர்செனிக் 19, சிஆர்பி 41. எல்லாப் பக்கத்திலும் சிவப்பு அம்புக்குறி. கொடுத்தவர் ஈயம் 14 என்பது எல்லையைப் போல மூன்று மடங்கு, உடனே 20 ஏற்றல் வேண்டும் என்கிறார்.

#16 | நீலமூடி

அலகு எழுதவில்லையே அக்கா. தாளின் ஓரத்தில் லிட்டருக்கு என்று இருக்கிறதா, டெசிலிட்டருக்கு என்று இருக்கிறதா?

#17 | டோங்காட்_பேத்தி

மன்னிக்கவும். எல்லாம் மைக்ரோகிராம், லிட்டருக்கு. சிஆர்பி மட்டும் மில்லிகிராம், லிட்டருக்கு.

#18 | நீலமூடி

அப்படியானால் ஈயம் டெசிலிட்டருக்கு 1.4. எல்லை என்று அவர் சொன்ன 5 டெசிலிட்டர் கணக்கு. 14 லிட்டர் கணக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார். சிகிச்சை எதுவும் வேண்டாம்.

செம்பு 1,700, துத்தநாகம் 580 இரண்டும் அறுவை முடிந்த உடம்பின் எதிரொலி. சிஆர்பி 41 அதைத்தான் சொல்கிறது. ஆர்செனிக்குக்கு முந்தின நாட்களில் மீன் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். மீனிலுள்ள ஆர்செனோபீட்டேன் தீங்கில்லாதது, ஆனால் மொத்த அளவில் சேர்ந்து வரும். வேண்டுமானால் 4 நாள் கடல் உணவை நிறுத்திவிட்டு, கனிம ஆர்செனிக்கைத் தனியே பிரித்துக் காட்டும் சிறுநீர்ச் சோதனை கேளுங்கள். செம்பும் துத்தநாகமும் மறுபடி பார்க்க வேண்டும் என்றால் சிஆர்பி இறங்கியபின், காலையில், வெறும் வயிற்றில், கருநீல மூடி. ஃபெரிட்டினும் செறிவும் அந்தத் தாளில் இல்லை. அவருக்கு ஹார்ட் ஃபெயிலியர் இருந்தால் விட்டுப்போனது அதுதான்.

#19 | டாக்டர்_வெருலம்

சிஆர்பி 3 வாரத்தில் இன்னும் 41 என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நெஞ்செலும்புக் காயம் சிவந்திருக்கிறதா, கசிகிறதா, எலும்பு அசைந்தால் 'கிளிக்' சத்தம் வருகிறதா, கால் நரம்பு எடுத்த இடம் எப்படி இருக்கிறது, காய்ச்சல் உண்டா? இதில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள் அம்மா. ஏற்றல் தேதியை ரத்து செய்துவிடுங்கள்.